வாய் நிறைய தண்ணீர்

எங்கள் சிறப்புப் பள்ளியின் பேச்சுப் பயிற்சி அறைக்குள் முதல்முறை எட்டிப் பார்ப்பவர்கள் கொஞ்சம் பயந்துதான் போவார்கள். சக்கர நாற்காலியில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். எதிரே ஒரு பெண் கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்கி, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அதைப் பார்த்துவிட்டு, பாவம், பல்வலி போலிருக்கிறது என்று முடிவுகட்டினேன். ஓடிப்போய் முதலுதவிப் பெட்டியிலிருந்து மாத்திரை எடுத்துவந்து நீட்டினேன். அவர் ஈ ஓட்டுவதுபோல என்னை விரட்டினார். நான் விடவில்லை. புது வேலை, புது உற்சாகம். "தண்ணி கொண்டு வரட்டுமா?" என்று வேறு கேட்டேன்.

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய், வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு வந்தார்.

"தண்ணிதான் தம்பி வாயில இருந்துச்சு. பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வியாதி நாக்குலதான்."

அவர்தான் அறிவிப்பு அக்கா. பள்ளியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர். ஊமையாய் இருக்கிற பொருளைக்கூடப் பேசவைத்துவிடுவார் என்று சொல்வார்கள். அவரைப் பேசாமல் இருக்கவைப்பதுதான் யாராலும் ஆகாத காரியம். அதைத் தண்ணீரை வைத்துச் சாதித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு வாய் ஒத்துழைக்காது. மடியில் ஒரு பேச்சுப்பலகை இருக்கும். அதன் திரையில் கட்டம் கட்டமாகப் படங்கள், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வார்த்தை. ஒரு மஞ்சள் வெளிச்சம் கட்டம் கட்டமாக நகர்ந்துகொண்டே இருக்கும். தனக்கு வேண்டிய படத்துக்கு வெளிச்சம் வரும்போது பிள்ளை ஒரு பொத்தானை அழுத்தினால் பலகை அந்த வார்த்தையைச் சொல்லும். கையால் அழுத்துகிறவர்கள் உண்டு, காலால், தலையால் அழுத்துகிறவர்களும் உண்டு. எப்படி அழுத்தினாலும் ஒரு பதில் வர நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் பெரியவர்கள் நாம் கெட்டுப்போகிறோம். 'பசிக்குதா? தண்ணியா? அம்மாகிட்டப் போகணுமா?' என்று நாமே நாலு பதிலைச் சொல்லி, நாமே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நாமே கைதட்டிக்கொள்வோம்.

"எனக்கு இது ரத்தத்துலயே ஊறிப்போச்சு" என்பார் அக்கா. "என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு பேச்சைக்கூட முழுசா முடிச்சது கிடையாது. 'இன்னைக்கு ஆபீஸ்ல...'ன்னு ஆரம்பிப்பாரு. மீதிய நான் சொல்லிடுவேன். அவரும் தலையாட்டிட்டு சாப்பிடப் போயிடுவாரு. ஒரு நாள் கேட்டேன், 'ஏங்க, நான் சொன்னமாதிரிதானே நடந்துச்சு?' 'இல்லம்மா. ஆனா நடந்ததவிட நீ சொன்னது நல்லாருந்துச்சு'ங்கறாரு."

அதனால்தான் தண்ணீர். பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டதும் ஒரு மடக்கு வாயில் ஊற்றிக்கொள்வார். பிள்ளை பதில் சொல்லி முடிக்கிற வரையில் விழுங்கக் கூடாது. அவராகவே தனக்குப் போட்டுக்கொண்ட பூட்டு.

பள்ளிக்கு வருவதற்கு முன் அவர் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மேலதிகாரிகள் மரியாதையாக வந்து, டீ வாங்கிக் கொடுத்து, எல்லா ஊர்ப் பெயர்களையும் எல்லா எண்களையும் அவர் வாயால் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார்கள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. வழக்கத்தைவிட அழுத்தம் திருத்தமாகச் சொல்லிக் கொடுத்தார். வேலை முடிந்ததும், "நாளையிலிருந்து நீங்க சிரமப்பட வேண்டாம்மா" என்றார்கள்.

"என் பொழப்ப என் வாயே தின்னுடுச்சு தம்பி. ஊருக்குப் போகலாம்னு பஸ் நிலையம் போனா, நான் வேலை இல்லாம மூட்டையோட நிக்கறேன், மேல ஸ்பீக்கர் குழாய்ல நான் ஜம்முனு வேலை பாத்துட்டிருக்கேன்."

எங்கள் பள்ளியில் அப்போதிருந்த பேச்சுப்பலகைகளுக்கு இயந்திரக் குரல். சளி பிடித்த ரோபோ பேசுவதுபோல இருக்குமாம், பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்களாம். நல்ல குரல் ஒன்று வேண்டும் என்று தேடி அக்காவைப் பிடித்தார்கள். ஒருமுறை சூடுபட்டவர் அல்லவா, இந்தத் தடவை உஷாராகிவிட்டார். ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி வார்த்தைகளுக்குமேல் பதிவு செய்ய மாட்டேன் என்றார். தொண்டை தாங்காது என்று காரணம். உண்மையான காரணம், வார்த்தைகள் தீர்ந்துவிட்டால் மறுபடி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே என்பது. கேட்ட வார்த்தைகள் முடியப்போகிற சமயத்தில் தானாகவே புது வார்த்தைகளைக் கொண்டுவந்தார். 'கொட்டாவி' இல்லாமல் பிள்ளை எப்படிப் பேசும்? 'மூக்குக்கண்ணாடி' வேண்டாமா? 'சண்டை', 'பொறாமை', 'அலட்டல்', 'ஏப்பம்' எல்லாம் இப்படித்தான் பலகைக்குள் வந்தன. மீதி நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தார். உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. மாலை வகுப்புக்குப் போய்ப் படித்துப் பேச்சுப் பயிற்சியாளராகவே ஆகிவிட்டார். வார்த்தைகள் இன்னும் தீரவில்லை.

இதில் ஒரே ஒரு சங்கடம். எங்கள் பிள்ளைகள் எல்லாரும் பஸ் நிலையக் குரலில்தான் பேசுவார்கள். ஒரு குட்டிப்பையன் "பாத்ரூம். போகணும்" என்று அழுத்தினால், புதிதாக வந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள் போலிருக்கும்.

நான் இந்தப் பள்ளியில் கம்ப்யூட்டர் தம்பி. பலகைகளுக்குச் சார்ஜ் போடுவது, வயர் மாற்றுவது, படங்கள் ஏற்றுவது என் வேலை. நேர்காணலில், தொழில்நுட்பம் மனித குலத்தை எங்கே கொண்டுபோகப் போகிறது என்று மூச்சுவிடாமல் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, முதல் வேலையாக, ஒரு சக்கர நாற்காலியில் பிள்ளையைப் பிடித்துக்கொள்கிற பட்டை பிய்ந்துபோனதைத் தைத்துத் தரச் சொன்னார்கள். ஊசியில் நூல் கோக்கவே எனக்கு அரை நாள் ஆனது.

வாயாடி என்று ஒருத்தி எங்கள் பள்ளியில் படித்தாள். பத்து வயதைத் தாண்டியவள். கை கால் அவள் சொன்ன பேச்சைக் கேட்காது, வாயும் கேட்காது. தலையின் வலப்பக்கம் மட்டும் அவள் கட்சி. நாற்காலியில் தலை சாய்கிற இடத்தில் ஒரு வட்டப் பொத்தான் பொருத்தியிருந்தோம், தலையை லேசாகச் சாய்த்து அதை அழுத்துவாள். பலகை இல்லாத நேரத்துக்குக் கண் இருக்கிறது. மேலே பார்த்தால் ஆமாம். கண்ணை மூடிக்கொண்டால் இல்லை. பிறந்ததிலிருந்து எதைச் சொன்னாலும் கண்ணாலேயே எதிர்த்துப் பேசுகிறாள் என்று அவள் அம்மா வைத்த பெயர்தான் வாயாடி. அம்மா தையல் கடை வைத்திருந்தார். பேச்சு அளந்துதான் வரும், துணியை வீணாக்காதவர்கள் மாதிரி.

எங்கள் பள்ளிக்கும் பக்கத்துப் பள்ளிக்கும் நடுவில் ஒரு மதில்தான். அந்தப் பக்கம் எல்லாப் பிள்ளைகளும் படிக்கிற சாதாரணப் பள்ளி. வாயாடிக்கு அங்கே போக வேண்டும். பாடத்தில் அவள் அந்த வகுப்புப் பிள்ளைகளுக்குச் சளைத்தவள் இல்லை. இடைவேளையில் நாற்காலியை மதிலோரம் தள்ளச் சொல்லி, அந்தப் பக்கத்துக் கூச்சலைக் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

அந்த வருடத்தை விட்டால் முடிந்தது. தரைத்தளத்தில் நடக்கிற கடைசி வகுப்பு அதுதான், அதற்குமேல் எல்லாம் மாடி. லிஃப்ட் கிடையாது.

"உள்ள போய் ஒருத்தி உக்காந்துட்டா, அவளுக்காக வகுப்பக் கீழயே வெச்சுக்குவாங்க" என்றார் அக்கா. "வெளிய இருக்கறவளுக்காக எவன் வகுப்ப மாடியிலருந்து இறக்குவான்? சொல்லு."

அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை ஒரு நாள் வந்து பார்க்கச் சொன்னார். ஒரே நிபந்தனை. பிள்ளை தானாகப் பதில் சொல்ல வேண்டும், வேறு யாரும் அவளுக்காகப் பேசக் கூடாது.

நியாயமான நிபந்தனை. அதற்கு நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அவளுக்காகப் பேசினோம்.

முந்தைய நாள் மாலை அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, பாவம் புள்ள. அங்க போய் ஒவ்வொரு வார்த்தையா தேடிட்டு உக்காந்திருப்பாளா? ஒரே கட்டத்துல ஒரு முழுப் பேச்சு வெச்சுடுவோம். ஒரு அழுத்து. மேடம் அசந்துடணும்."

"சூப்பர்க்கா!" என்றேன். வேறென்ன சொல்வேன்? ஒரு நட்சத்திரப் படம் தேடி, அதற்கு மினுமினுப்பு வேறு வைத்தேன். அக்கா ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அவர்களுக்கு என் பணிவான வணக்கம். கல்வி என்னும் ஒளியைத் தேடித் தங்கள் பள்ளியின் வாசலில் வந்து நிற்கிறேன்..."

வாயாடி நிற்க மாட்டாள் என்பது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை. பேச்சு அதற்குப் பிறகும் வெகுதூரம் போனது. இறுதியில் 'தங்கள் கனிவான கவனத்துக்கு நன்றி' என்று முடிந்தது, அடுத்து எந்த வண்டி என்று கேட்கத் தோன்றியது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சத்தியமாக அழுதேன்.

வாயாடிக்குப் போட்டுக் காட்டினோம். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"பாருங்கக்கா, உருகிட்டா!" என்றேன்.

"புள்ளைக்குத் தாங்க முடியல" என்றார் அக்கா.

கண்ணை மூடினால் இல்லை என்பது எங்கள் பள்ளிக் காவலாளிக்குக்கூடத் தெரியும். பேச்சுப் பயிற்சியாளருக்கும் கம்ப்யூட்டர் தம்பிக்கும் அன்றைக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை தலைமை ஆசிரியையின் அறை. வாசலில் நிலைப்படி உயரமாக இருந்ததால் நாற்காலியோடு அவளைத் தூக்கித்தான் உள்ளே வைத்தோம். மேசைமேல் திருத்தாத விடைத்தாள்கள், ஒரு கை மணி, ஒரு கண்ணாடிக் கூஜாவில் தண்ணீர், பக்கத்தில் டம்ளர். தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாயாடியை நேராகப் பார்த்தார்.

"வாம்மா. எப்படி இருக்க?"

வெளிச்சம் நகர ஆரம்பித்தது. நட்சத்திரத்தின்மேல் வந்தது. வாயாடி அழுத்தவில்லை. வெளிச்சம் தாண்டிப் போய், மறுபடி சுற்றிக்கொண்டு நட்சத்திரத்துக்கு வந்தது. அழுத்தவில்லை. அக்கா இருமினார். புருவத்தால் நட்சத்திரத்தைக் காட்டினார். பிள்ளைக்கு மறந்துவிட்டதோ, பயந்துவிட்டாளோ என்று நினைத்தேன். உதவுகிறேன் பேர்வழி என்று கையை நீட்டி, திரையில் நட்சத்திரத்தை நானே தட்டிவிட்டேன்.

"மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அவர்களுக்கு..."

நிறுத்தவும் வழியில்லை. நிறுத்துகிற பொத்தான் வைக்க நான்தான் மறந்திருந்தேன். முழுப் பேச்சும் ஓடி முடிந்தது. தலைமை ஆசிரியை பலகையைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"இந்தக் குரல எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே."

"பஸ் நிலையத்துல மேடம்! எங்க அக்கா குரல்தான்!" என்று பெருமையோடு சொன்னேன்.

"அப்ப பேசினது இவங்க." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "புள்ள பேசட்டும்னு சொல்லி அனுப்பிச்சேன். நீங்க ரெண்டு பேரும் பேசிட்டீங்க. ஒருத்தர் வாயால, ஒருத்தர் விரலால."

"ஐயோ மேடம், அப்படி இல்ல" என்று அக்கா ஆரம்பித்தார். "இது இவளோட பலகைதான், குரல் மட்டும்தான் என்னோடது. ஏன்னா அந்தக் காலத்துல மெஷின் குரல் நல்லாருக்காது, அதனால என்னைக் கூப்பிட்டாங்க, நான் பஸ் நிலையத்துல இருந்தப்போ..."

பஸ் நிலையம் வந்துவிட்டது. இனி நிற்காது. தலைமை ஆசிரியையின் பார்வை சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. விடைத்தாள் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வாயாடி கண்ணை மூடியிருந்தாள். முடிந்தது, எல்லாம் முடிந்தது, நானே என் விரலால் முடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அதுவரை மூலையில் நின்றிருந்த வாயாடியின் அம்மா வாயைத் திறந்தார்.

"அக்கா. தண்ணி."

அக்காவின் பேச்சு அப்படியே அறுந்தது. பிறகு மேசைமேல் இருந்த டம்ளரை எடுத்தார், தலைமை ஆசிரியையின் சொந்த டம்ளர் அது. கூஜாவிலிருந்து ஊற்றி, வாய் நிறைய வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கன்னம் உப்பியது.

"என்ன இது?" என்றார் தலைமை ஆசிரியை.

"அவங்க வாயில தண்ணி இருக்குங்க மேடம்" என்றார் அம்மா. "இனிமே வர்றது என் பொண்ணு பேச்சு."

பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, நீ கையக் கட்டிக்கோ" என்றார். நான் கையைக் கட்டவில்லை. என் கையை நான் நம்பவில்லை. இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

தலைமை ஆசிரியைக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. விடைத்தாள் கட்டை மட்டும் தள்ளி வைத்தார்.

"சரிம்மா. உங்க பள்ளிக்கூடத்துல உன்ன நல்லாத்தானே பாத்துக்கறாங்க. பின்ன இங்க ஏன் வரணும்?"

வாயாடி கண்ணைத் திறந்தாள். வெளிச்சம் நகர்ந்தது. பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். மின்விசிறி கிறீச்சிட்டது. அவள் கழுத்து நரம்பு புடைத்து, தலை சாய்ந்து, பொத்தான் 'டொக்' என்றது.

"எனக்கு."

அக்காவின் குரல். அக்காவின் வாயிலோ தண்ணீர். தலைமை ஆசிரியை இரண்டு பக்கமும் மாறிமாறிப் பார்த்தார். வெளிச்சம் மறுபடி கிளம்பியது. நேரம் போனது.

"பரவால்ல, அவளுக்குக் கஷ்டமா இருந்தா..." என்று தலைமை ஆசிரியை ஆரம்பித்தார். அக்கா இரண்டு கையையும் வீசி, "ம்ம்ம்! ம்ம்ம்!" என்றார்.

"சண்டை."

"சண்டை பிடிக்காதா? இங்க சண்டையெல்லாம்..."

"ம்ம்ம்ம்!"

"போட." வெளிச்சம் சுற்றியது. "ஆள்." மறுபடி சுற்றியது. "வேணும்."

எனக்கு சண்டை போட ஆள் வேணும். நாலாவது நடைமேடையில் வண்டி நிற்கிறது என்பதுபோல அவ்வளவு தெளிவாக.

தலைமை ஆசிரியை முன்னால் சாய்ந்தார். "ஏன், அங்க சண்டை போட ஆள் இல்லையா?"

"எல்லாரும். பாவம். சொல்றாங்க."

எனக்கு முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது. பாவம் புள்ள, பாவம் புள்ள என்று நாங்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்! அவள் தப்புச் செய்தால் சிரிக்கிறோம், முறைத்தால் கொஞ்சுகிறோம். ஒருத்தராவது அவளிடம் பதிலுக்கு முறைத்தது உண்டா? அக்காவைப் பார்த்தேன். உப்பிய கன்னத்துக்குமேல் கண் இரண்டும் நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தன. மேலேயும் தண்ணீர், கீழேயும் தண்ணீர். அதை வாயாடியும் பார்த்துவிட்டாள். அவள் உதட்டோரம் கோணியது, அது அவள் குறும்பு. வெளிச்சத்துக்காகக் காத்திருந்து, மிக நிதானமாக அழுத்தினாள்.

"அக்கா. அழுகை. வருது."

தன் அழுகை வந்துகொண்டிருக்கிறது என்று தன் குரலிலேயே ஓர் அறிவிப்பைக் கேட்டால் யாரால் தாங்க முடியும்? அக்கா வெடித்தார். வாயிலிருந்த தண்ணீர் முழுவதும் பீய்ச்சியடித்தது. விடைத்தாள்கள்மேல், மேசைமேல், எல்லாவற்றுக்கும் மேலாகப் பேச்சுப்பலகைமேல். திரை ஒருமுறை மின்னியது. 'க்ர்ர்' என்றது. கறுத்துப்போனது.

நான் சட்டையின் நுனியால் துடைத்தேன், ஊதினேன், குலுக்கினேன். படித்த படிப்பெல்லாம் சேர்ந்து எனக்கு ஊதத்தான் சொல்லிக்கொடுத்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, ஐயோ, கெடுத்துட்டேனே" என்று விக்கினார்.

அம்மா நாற்காலியின் பின்னால் தொங்கிய பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். அதே படங்கள் ஒட்டிய சாதாரண அட்டை. மின்சாரம் போனால், சார்ஜ் தீர்ந்தால், கம்ப்யூட்டர் தம்பி காலை வாரினால் உபயோகிப்பதற்கு. ஒருவர் படம் படமாக விரல் வைத்துக்கொண்டே போக வேண்டும். வேண்டிய படம் வந்ததும் அவள் கண்ணை மேலே உயர்த்துவாள். விரல் வைத்தவர் அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

அக்கா பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். தலைமை ஆசிரியை பார்த்த பார்வையில் அந்தக் கை தானாகவே மடிக்குத் திரும்பியது.

"நீங்களே விரல் வைங்க மேடம்" என்றார் அம்மா. "மேல பாத்தா ஆமா. கண்ண மூடினா இல்ல."

தலைமை ஆசிரியை எழுந்து வந்து, நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு வாயாடியின் எதிரே உட்கார்ந்தார். அட்டையை வாங்கி, பிள்ளைகளின் வருகைப் பட்டியலில் விரலை ஓட்டுகிற வேகத்தில் சரசரவென்று ஓட்டினார். வாயாடி கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி ஓட்டினார். மறுபடி மூடிக்கொண்டாள். மூன்றாவது தடவை விரல் தயங்கித் தயங்கிப் போனது. கண் மேலே போனது.

"டீச்சர்" என்று வாசித்தார். "கொஞ்சம்..." கண் மேலே. "மெதுவா." கண் மேலே.

டீச்சர் கொஞ்சம் மெதுவா. தன்னைத் தானே கண்டித்துக்கொண்ட பிறகுதான் அவருக்குப் புரிந்தது. சிரித்துவிட்டார். அக்கா அவசர அவசரமாக இன்னொரு மடக்கு ஊற்றிக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் தலைமை ஆசிரியை விரலை அட்டையிலிருந்து எடுக்காமல் கேட்டார். இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது, பெரிய மனுஷியிடம் பேசுகிற குரல்.

"நான் மறைக்காமச் சொல்றேன்மா. வகுப்பு நிறையப் புள்ளைங்க. நீ ஒரு பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சிடும். அவங்கல்லாம் காத்திருப்பாங்களா?"

விரல் நகர்ந்தது.

"டீச்சர்." இன்னும் நகர்ந்து, கடிகாரப் படம் போட்ட கட்டத்தில் நின்றது. "காத்திரு. நான் காத்திருக்கணுமா?"

கண் மூடியது. இல்லை.

தலைமை ஆசிரியை யோசித்தார். நான் தொடைக்கு அடியில் கையை நசுக்கிக்கொண்டேன். எனக்கு விடை தெரியும்! சொல்லிவிட்டால் என்ன? அக்காவின் கன்னம் துடித்தது, அவருக்கும் தெரியும். இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்தபடி வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

"நான்... காத்திருந்தேனா?"

கண் மேலே போனது. அப்படியே மேலேயே நின்றது.

அப்போதுதான் தலைமை ஆசிரியை திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். மணி எப்போதோ அடித்துப் பிள்ளைகள் வராந்தாவில் இரைச்சலாக ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்களில் யாருக்குமே அது காதில் விழவில்லை. அவர் அட்டையைப் பத்திரமாக அம்மாவிடம் கொடுத்தார்.

"திங்கக்கிழமையிலருந்து வரட்டும். வகுப்பு வாசல்லயும் இதே மாதிரி நிலைப்படிதான், அதுக்கு ஒரு சரிவு போடச் சொல்றேன்." பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு. நீங்க மட்டும் வகுப்புப் பக்கம் வரவே கூடாது."

அக்கா தலையாட்டினார். வாயில் தண்ணீர் இருந்ததால் மறுத்துப் பேச முடியவில்லை. வெளியே வந்து செடிக்குத் துப்பியதும் முதலில் சொன்னது இதுதான்: "என் பொழப்ப மறுபடியும் என் வாயே தின்னுடுச்சு பாத்தியா?" சொல்லிவிட்டு, மதிலோரம் நின்று தாராளமாக அழுதார். நானும் அழுதேன். வாயாடி எங்கள் இருவரையும் பார்த்து ஒரு கொட்டாவி விட்டாள்.

பலகையைப் பிரித்து மின்விசிறிக்கு அடியில் காயவைத்து, பிரசவ அறைக்கு வெளியே நிற்பவன் மாதிரி நடந்துகொண்டிருந்தேன். திங்கட்கிழமைக்குள் அதற்கு உயிர் வந்துவிட்டது. நட்சத்திரத்தை அழித்துவிட்டேன். அந்தக் கட்டத்தில் என்ன வைக்கலாம் என்று, இந்த முறை, வாயாடியையே கேட்டேன். வெகுநேரம் வெளிச்சத்தைச் சுற்றவிட்டு, "சும்மா. விடு" என்றாள். அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது.

அவள் அந்தப் பக்கம் போன பிறகு பயிற்சி இல்லாத நேரங்களில் அக்காவைப் பயிற்சி அறையில் பார்க்க முடியாது. மதிலோரம், வாயாடி இருந்த அதே இடத்தில் நிற்பார். அவள் வகுப்பின் ஜன்னல் மதிலுக்கு நேர் அப்பால்தான். "காத்து வாங்கறேன்" என்பார். காற்றே வராத இடம் அது. முதல் சில நாள்கள் அந்த ஜன்னலிலிருந்து அவர் குரல் வரவே இல்லை. "பேசறாளா இல்லையான்னே தெரியலயே தம்பி" என்று புலம்புவார். "எல்லாம் நல்ல புள்ளைங்க போல. அங்கயும் பாவம் பாவம்னுதான் சொல்றாங்களோ என்னவோ."

ஒரு நாள் நான் டீயோடு போனபோது மதிலுக்கு அப்பாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. அக்கா என் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

"என். இடம். நகரு."

ஒரு பையனின் குரல், எரிச்சலோடு: "நீ நகரு! ஜன்னல் என்ன உங்க வீட்டு ஜன்னலா? தினம் நீயே உக்காருவியா?"

எனக்கு ஆனந்தம் பொங்கிவிட்டது. "அக்கா! கேட்டீங்களா! அவன் பதிலுக்கு..." என்று கத்த வாயெடுத்தேன்.

"ஷ்ஷ்! வாய மூடுடா! அவ முடிக்கட்டும்!"

அறிவிப்பு அக்கா என்னைப் பேசாதே என்கிறார்! நான் டீயை ஒரு மடக்கு வாயில் ஊற்றிக்கொண்டேன். சுட்டது. விழுங்கவில்லை. மதிலுக்கு அப்பால் பையன் காத்திருந்தான். கோபமாகத்தான், பெஞ்சில் தாளம் போட்டுக்கொண்டுதான். ஆனால் காத்திருந்தான்.

"அலட்டல்." 'டொக்.' "பண்ணாத."

வகுப்பே ஓவென்று சிரித்தது. "யார்ரா அலட்டல்? நீதான் அலட்டல்!" என்று அவன் கத்த, வகுப்பு ஆசிரியர் மேசையைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"போதும்! ரெண்டு பேரும் வெளிய போய் நில்லுங்க!"

நான் ஒரு செங்கல்மேல் ஏறினேன். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றின்மேல் ஏறினார். வகுப்பு வாசலில், புதிதாகப் போட்ட சரிவு வழியாக, ஒரு பையன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வாயாடியின் நாற்காலியை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். தண்டனை இருவருக்கும் ஒன்றுதான். தள்ளிக்கொண்டே திட்டிக்கொண்டிருந்தான். அவள் மடியில் வெளிச்சம் சுற்றிக்கொண்டிருந்தது, அடுத்த வார்த்தைக்காக.

"வெளிய அனுப்பிட்டாங்க தம்பி" என்றார் அக்கா, என் தோளைக் கிள்ளியபடி. "என் புள்ளைய வகுப்ப விட்டே வெளிய அனுப்பிட்டாங்க!"

உலகத்தில் வேறு யாரும் அந்த வார்த்தைகளை அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.